நான்கு குளிர்காலங்கள் உழைத்த கைரேகை ஸ்கேனர்

காவல் பிரிவு ஒன்றின் கொள்முதல் குழுவில் இருக்கும் நண்பர், தானியங்கி கைரேகை அடையாள அமைப்புக்கு டெண்டர் எழுதும் முன் என் கருவியைப் பற்றிக் கேட்டார். தென்னாப்பிரிக்காவின் ஜொகானஸ்பர்க்கை ஒட்டிய லெனேசியாவில், காவல் துறை நற்சான்றுக்கு விண்ணப்பிப்பவர்களின் பத்து விரல்களையும் நான்கு ஆண்டுகளாக இதில்தான் பதிவு செய்கிறேன். போன வாரம்தான் பழுது பார்த்து வந்தது.

500 பிபிஐ (அங்குலத்துக்கு 500 படப்புள்ளிகள்), நான்கு விரல்கள் ஒரே முறையில் என்பதெல்லாம் விவரத்தாளில் இருக்கும். ஜொகானஸ்பர்க்கின் ஜூலை மாதக் குளிரும் வறட்சியும் அதில் இருக்காது. கண்ணாடியில் தோல் ஒட்டும் இடத்தில் ஒளியின் பிரதிபலிப்பு குலைவதால்தான் ரேகை தெரிகிறது. காய்ந்த தோல் சரியாக ஒட்டாததால், கோடாக வரவேண்டியது புள்ளி புள்ளியாக விழுகிறது.

சென்ற குளிர்காலத்தில், தையல் ஆலையில் உழைத்தே விரல் தேய்ந்த ஆயா ஒருவர் வந்தார். "இன்னும் கொஞ்சம் அழுத்துங்க ஆயா" என்று ஏழு முறை சொன்னேன். எண்ணெய்ப் பசைக்காக விரலை நெற்றியில் தடவச் சொன்னபோது திருநீறும் சேர்ந்து கண்ணாடியில் அப்பியது. கைரேகைப் பதிவைக் கட்டாயமாக்கவிருந்த சட்டத்தை எதிர்த்து 1906 செப்டம்பர் 11 அன்று எம்பயர் தியேட்டரில் நம்மவர்கள் உறுதியெடுத்த ஊர் இது. இங்கே ஒரு மூதாட்டியை மீண்டும் மீண்டும் விரல் வைக்கச் சொல்ல எனக்குக் கூசியது.

அதைவிடக் கோபம் தருவது, மூன்று முறை தோற்றபின் மோசமான படத்தையே சேமிக்க இக்கருவி அனுமதிப்பதுதான். கைரேகைகளை ஒப்பிடும் மென்பொருள், அறுபட்டுத் தெரியும் ஒவ்வொரு இடத்தையும் ரேகையின் முடிவாகவே எண்ணிவிடக்கூடும். பிறகு தேடும் வேகம் எவ்வளவு இருந்து என்ன பயன்?

நியாயமாகச் சொன்னால், கோடையில் இவ்வளவு தெளிவான பதிவை நான் வேறெதிலும் கண்டதில்லை. ஒரு நாளும் இது பாதியில் நின்றதில்லை. பழுதுபார்ப்பில் கண்ணாடி மேலிருந்த சிலிகோன் படலத்தை மாற்றியதும், காய்ந்த விரலும் முதல் முறையிலேயே பதிகிறது. அப்படியென்றால் இத்தனை குளிர்காலமும் "விரலில்தான் குறை" என்று விற்றவர் சொன்னது எதற்காக?

நண்பருக்கு எழுதியது இதுதான்: கொத்தனார், முதியவர் ஆகியோரின் கைகளைக் கொண்டு ஜூலையில் சோதித்துப் பார்த்த பிறகே ஒப்பந்தம் போடுங்கள், படல மாற்றத்தைப் பராமரிப்பில் சேருங்கள், கைரேகைப் படத்தின் தரத்தை அளக்கும் என்ஃபிக் 2 மதிப்பெண் குறைந்தால் மேலதிகாரி ஒப்புதலின்றிச் சேமிக்கக் கூடாது என்று எழுதுங்கள், எல்லாப் பதிவுகளும் கைரேகைத் தரவைப் பரிமாறுவதற்கான பொது வடிவமான ஆன்சி-நிஸ்டில் முழுமையாக வெளியே எடுக்கத்தக்கதாக இருக்க வேண்டும், இல்லையேல் விற்பவரை மாற்றவே முடியாது.

நான் இதை மறுபடி வாங்க மாட்டேன். திங்கட்கிழமை அந்த ஆயாவை வரச் சொல்லியிருக்கிறேன். பத்து விரல்களையும் கட்டணமின்றிப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும்.