சாஸ் மாறிகளா, சிஎஸ்எஸ் தனிப்பயன் பண்புகளா?

இணையப் பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் மொழி சிஎஸ்எஸ்; சிஎஸ்எஸ்ஸாகத் தொகுக்கப்படும் (மாற்றப்படும்) மொழி சாஸ். ஒரு மதிப்புக்குப் பெயரிட்டு வைப்பது சாஸில் மாறி, சிஎஸ்எஸ்ஸில் தனிப்பயன் பண்பு. ஒரு தளத்தின் நிறம், இடைவெளி, எழுத்தளவு ஆகிய பொது மதிப்புகளை எங்கே வைப்பது என்று தயங்குவோர், அவை எப்போது மாறவேண்டியிருக்கும் என்பதை முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

மாற்றம்: சாஸ் மாறி தொகுக்கும்போதே கரைந்து வெறும் எண்ணாகவோ நிறமாகவோ ஆகிவிடுகிறது. தனிப்பயன் பண்போ உலாவியிலும் நிலைத்திருந்து, மேல் உறுப்பிலிருந்து உள்ளுறுப்புகளுக்கு இறங்குவதால், இருண்ட தோற்றத்துக்கு மாற வேர் உறுப்பில் சில மதிப்புகளைத் திருத்தினாலே போதும். ஜாவாஸ்கிரிப்டாலும் அவற்றைப் படித்து மாற்றலாம்.

பிழை: பெயரில் ஓர் எழுத்து தவறினாலும் சாஸ் தொகுப்பையே நிறுத்திவிடும். தனிப்பயன் பண்பில் அந்தப் பெயரைப் பயன்படுத்தும் வரி எச்சரிக்கையின்றிச் செல்லாததாகிவிடுகிறது. பலர் சேர்ந்து எழுதும் நிரலில் என்னை மிகவும் கவலைப்படுத்தும் குறை இதுவே என்பதால், லின்டர் (நிரலிலுள்ள பிழைகளைக் கண்டறியும் கருவி) கொண்டு பெயர்களைச் சரிபார்க்கும்படி வற்புறுத்துவேன்.

மீடியா குவெரி (திரை அகலம் போன்ற நிபந்தனைக்கேற்பத் தோற்றத்தை மாற்றும் விதி): சாஸ் மாறியை நிபந்தனையில் இடலாம்; தனிப்பயன் பண்பை இட இயலாது.

கருவி: சாஸுக்குத் தொகுப்பான் வேண்டும், மற்றதற்கு உலாவியே போதும்.

ஆகவே பயனர் பார்க்கும்போதே மாறக்கூடிய நிறங்களையும் எழுத்தளவுகளையும் தனிப்பயன் பண்புகளிலும், திரை அகல எல்லைகளைச் சாஸிலும் வைக்கப் பரிந்துரைக்கிறேன். ஒரே தோற்றத்துடன், ஏற்கெனவே சாஸில் எழுதப்பட்ட தளத்தை மாற்றி எழுதத் தேவையில்லை.