டவ்டெயில் ஜிக் வாங்குகிறவர்களே, கடைக்காரர் ஆள் அனுப்பி மாட்டித் தர விடாதீர்கள்

மதுரையில் ஒரு கடையில் டவ்டெயில் ஜிக் வாங்கினேன். 13,000 ரூபாய் அதில் முடங்கிக் கிடக்கிறது. உச்சிப்புளி, மண்டபம், கீழக்கரை என்று நம் பக்கம் வீட்டுக் கொட்டகையில் மரவேலை செய்கிறவர்கள் எனக்குத் தெரிந்தே ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். கொஞ்சம் பெரிய சாமான் என்றால் எல்லோரும் மதுரைக்குத்தான் பஸ் ஏறுகிறோம். அதனால் நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு விளக்கம். டவ்டெயில் என்பது புறா வால் விரிந்த மாதிரி பல் வெட்டி இரண்டு பலகைகளைக் கோக்கும் மூட்டு. டிராயரை எத்தனை தடவை வெடுக்கென்று இழுத்தாலும் முன்பலகை கையோடு வராமல் பிடித்திருப்பது அதுதான். ஜிக் என்பது அந்தப் பல்லை வெட்டப் பலகைகளைப் பிடித்து வழிகாட்டும் சாதனம். அது இருந்தால் முன்பலகையைப் படுக்க வைத்து, பக்கப் பலகையை நிற்க வைத்து, இரண்டையும் சேர்த்து இறுக்கி, மேலே சீப்பு மாதிரி இருக்கிற டெம்ப்ளேட் என்ற அச்சுத் தகட்டில் ரூட்டரை, அதாவது மரத்தில் பள்ளம் வெட்டும் மின்கருவியை, ஓட்டினால் போதும். இரண்டு பலகையிலும் ஒரே ஓட்டத்தில் பல் விழுந்துவிடும்.

மகளுக்கு மூன்று டிராயர் வைத்த படிப்பு மேசை செய்ய ஆசைப்பட்டேன். கடையில் 12 அங்குல ஜிக் 11,500 ரூபாய் என்றார்கள். "உங்க ஊருக்கே ஆள் அனுப்பி மாட்டித் தர்றோம் சார், 1,500தான். நீங்களா மாட்டித் தப்பாப் போச்சுன்னா வாரன்டி கிடையாது." அந்தக் கடைசி வார்த்தைக்குப் பயந்துதான் சரி என்றேன். முழுப் பணத்தையும் அங்கேயே அனுப்பினேன். பெட்டி என் கைக்கு வரவில்லை, ஆளோடு வரும் என்றார்கள். பில்லில் 'டூல்ஸ்' என்று மட்டும் எழுதியிருந்ததை அப்போதே தட்டிக் கேட்டிருக்க வேண்டும்.

நாலு நாள் கழித்து ஒரு தம்பி வந்தார். பெட்டியின் டேப் ஏற்கெனவே கிழிந்திருந்தது. கேட்டதற்கு, "செக் பண்ணி எடுத்துட்டு வந்தேன் சார்" என்றார். வீட்டு வேப்பமரத்தை அறுத்துச் செய்த என் வேலை மேசையில் நாலு துளை போட்டு ஜிக்கை முடுக்கினார். பிறகு மூன்று விரல் அகலத் துண்டுகளை ஜிக்கின் இடது ஓரத்தில் வைத்து வெட்டிக் கோத்துக் காட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தது. நானும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அந்தத் தம்பியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. சொல்லி அனுப்பியதைச் செய்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை உண்மையான டிராயர் பலகையை வைத்தேன். இடது பக்கம் சுத்தியலால் தட்டித்தான் இறங்கியது. வலது பக்கம் ஐந்நூறு ரூபாய் நோட்டை நாலாக மடித்துச் செருகலாம், அவ்வளவு இடைவெளி. ரூட்டரின் வெட்டுமுனையான பிட்டை ஏற்றினேன், இறக்கினேன், வேறு பலகை மாற்றினேன். இரண்டு ஞாயிறு, ஒரு நல்ல தேக்குப் பலகை எல்லாம் போனதுதான் மிச்சம். போதாததற்குப் பக்கப் பலகை மேசை விளிம்பில் இடித்து, நேராகத் தொங்காமல் வெளியே தள்ளிக்கொண்டே நின்றது.

மண்டபத்தில் என் தாய்மாமன் வத்தையும் நாட்டுப்படகும் கட்டியவர். ரூட்டரை அவர் தொட்டதே இல்லை. வந்தவர் ஜிக்கின் நாலு மூலையிலும் நூலைப் பிடித்து, எதிர் மூலைக்கு எதிர் மூலையாக, பெருக்கல் குறி மாதிரி இரண்டு நூலை இழுத்துக் கட்டினார். தளம் மட்டமாக இருந்தால் இரண்டு நூலும் நடுவில் லேசாக உரசும். இங்கே ஒரு நூலுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் தீக்குச்சி நுழைகிற சந்து. குனிந்து பார்த்தார்.

"மாப்ள, உன் பலகையில கோணல் இல்ல. இந்தச் சாமான்தான் முறுக்கிக்கிட்டு நிக்குது."

போல்ட்டைக் கழற்றினோம். பின்பக்கக் கால் ஒன்றின் அடியில் மூன்றாக மடித்த மாத்திரை டப்பா அட்டை. அதை எடுத்ததும் ஜிக் மேசைமேல் டக் டக் என்று ஆடியது. உடம்புத் தகடே எங்கேயோ விழுந்து முறுக்கியிருக்கிறது. ஆட்டம் தெரியக்கூடாது என்று அட்டை கொடுத்து இறுக்கியிருக்கிறார்கள். அதனால் வலது ஓரத்தில் டெம்ப்ளேட் பலகைமேல் படியாமல் எழும்பி நின்றது. ரூட்டர் ஓடுவது டெம்ப்ளேட்டின்மேல், ஆகவே அங்கே பிட் அந்த அளவுக்குக் குறைவாகத்தான் மரத்தில் இறங்கும். இந்த வகை ஜிக்கில் பிட் ஆழம் குறைந்தால் மூட்டு தளரும், கூடினால் இறுகும். ஒரே பலகையில் ஒரு பக்கம் இறுக்கம், மறுபக்கம் தொளதொளப்பு என்றால் பிட்டைத் திருகித் தீராது. தம்பி ஏன் இடது ஓரத்தில் மட்டும் வெட்டிக் காட்டினார் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

பெட்டியை வெளிச்சத்தில் பார்த்தால் விலைச் சீட்டின்மேல் இன்னொரு சீட்டு. நகத்தால் உரித்தேன், அடியில் 8,900. இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி எதுவும் இல்லை. வெளிநாட்டுச் சாமானின் பெட்டியில் அது கட்டாயம் இருக்க வேண்டும் என்பது 2011 பொட்டலப் பொருள் விதி. டெம்ப்ளேட்டின் இரண்டு பற்களில் பிட் கடித்த வடு இருந்தது, அதன் பள்ளத்தில் பழைய மரத்தூள் இறுகிக் கிடந்தது. என் ரூட்டர் அந்தப் பக்கமே போகவில்லை. யாரோ திருப்பிக் கொடுத்ததை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். 'ஸ்டெயின்லெஸ்' என்று சொன்ன திருகுகள் மூன்றே வாரத்தில் செம்மண் நிறமாகிவிட்டன. காந்தம் வைத்தால் டப்பென்று ஒட்டுகிறது. சாதா இரும்பில் பூச்சாகத்தான் இருக்க வேண்டும். நம் உப்புக்காற்றுக்கு அது எம்மாத்திரம்?

கடைக்கு போன் செய்தேன். "துளை போட்டு மாட்டின சாமானை எப்படி சார் திரும்ப எடுக்கிறது? யூஸ் பண்ணிட்டீங்களே" என்றார்கள். துளை போட்டது அவர்கள் ஆள். மாட்டித் தரும் சேவை எதற்கு என்று எனக்கு அந்த நிமிடம்தான் விளங்கியது. மாட்டிவிட்டால் கோணல் மறையும், திருப்பிக் கொடுக்கும் வழியும் அடைபடும்.

தயவுசெய்து பெட்டியைக் கடையிலேயே பிரிக்கச் சொல்லுங்கள். கண்ணாடி மேசையிலோ கிரானைட்டிலோ ஜிக்கை வைத்து நாலு மூலையையும் அழுத்திப் பாருங்கள், ஆடினால் வாங்காதீர்கள். பிட்டின் தண்டும், அதைக் கவ்விப் பிடிக்கிற உங்கள் ரூட்டர் கொலட்டும் ஒரே அளவா என்று கேளுங்கள். 6 மி.மீ. தண்டை 6.35 மி.மீ. கொலட்டில் இறுக்கித் தருகிறேன் என்பார்கள். அது வேலை நடுவில் நழுவும், கையே போய்விடும்.

மாட்டுவது பெரிய வித்தை இல்லை, மேசையில் துளையே வேண்டாம். மரைன் ப்ளைவுட்டுக்கான இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 710 முத்திரை உள்ள 18 மி.மீ. மரைன் ப்ளைவுட்டில் ஜிக்கைவிட இரண்டு பக்கமும் ஒரு சாண் நீளமாக ஒரு பலகை வெட்டுங்கள். பக்கப் பலகை இடிக்காமல் நேராகத் தொங்க, ஜிக்கின் முகப்பு அந்த ப்ளைவுட்டின் விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே நிற்கும்படி வைத்து போல்ட் போடுங்கள். ஒவ்வொரு போல்ட்டாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, நடுநடுவே நூலோ இரும்பு ஸ்கேலோ வைத்துப் பாருங்கள், ஒரே மூச்சில் முடுக்கினால் நல்ல ஜிக்கே முறுக்கிக்கொள்ளும். வேலை வரும்போது பலகையின் இரண்டு ஓரத்தையும் மேசையோடு சி-கிளாம்ப்பில் பிடித்துக்கொள்ளலாம். முடிந்ததும் கழற்றி, எண்ணெய்த் துணியால் துடைத்து உள்ளே வைத்துவிடலாம். போல்ட் 316 தர ஸ்டெயின்லெஸ் கிடைத்தால் கடற்கரைக்கு அதுதான் உத்தமம்.

நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குக் கூப்பிட்டுத் தமிழிலேயே புகார் சொன்னேன். அதன் பிறகு கடையிலிருந்து 4,000 ரூபாய்க்கு வேறு சாமான் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மறுத்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். சாமானுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். பில், பணம் அனுப்பிய ரசீது, இரண்டு விலைச் சீட்டின் போட்டோ, அந்த மாத்திரை அட்டை எல்லாம் ஒரு கவரில் இருக்கிறது.

முதல் டிராயரை மாமாவின் உளியை வாங்கிக் கையாலேயே வெட்டி முடித்தேன். மதுரைக் கடைகளில் 'பெட்டி ஆளோடு வரும்' என்று யாருக்காவது சொல்லியிருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். விசாரணைக்கு உதவும்.