ஸ்டோரேஜ் ஹீட்டர், நீண்டநாள் அனுபவம்: கம்பி இருக்கும்வரைதான் டேங்க்

சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் வீட்டுக்குக் குடிவந்தபோது மாட்டிய, தண்ணீரைச் சூடாக்கி டேங்க்கில் வைத்திருக்கும் 25 லிட்டர் ஸ்டோரேஜ் ஹீட்டர் பத்து வருடம் தாண்டியும் ஓட்டை விழாமல் ஓடுகிறது. எங்கள் புளோக்கில் அதே சமயத்தில் மாட்டியவர்கள் சிலர் இரண்டாவது டேங்க்குக்கே போய்விட்டார்கள். என்ன பிராண்டு என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். அந்த மாடல் இப்போது கடையில் இல்லை, அதனால் பெயரைச் சொல்லியும் பயனில்லை. டேங்க்கின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் உள்ளே இருக்கும் ஒரு மெக்னீசியக் கம்பி. அதைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், ஏன் ஸ்டோரேஜ் வாங்கினோம் என்பது. அம்மாவுக்கு ஷவர் பிடிக்காது, வாளியில் நிரப்பி மொண்டு குளிப்பார். டேங்க் இல்லாமல் ஓடும் தண்ணீரை அப்போதைக்கப்போது சூடாக்கும் 3.3 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் நிமிடத்துக்கு 3 லிட்டர் தண்ணீரைச் சுமார் 16 டிகிரி சூடேற்றும். குழாயில் வரும் தண்ணீரே இங்கே 28 டிகிரி இருப்பதால் ஷவருக்கு அது தாராளம். ஆனால் 15 லிட்டர் வாளி நிரம்ப ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும், அதுவும் ஒரு குளியலறைக்கு மட்டும்தான். தீபாவளி விடியற்காலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும் வீட்டுக்கு அது ஒத்துவராது. 60 டிகிரியில் இருக்கும் 25 லிட்டரைக் குழாய்த் தண்ணீருடன் கலந்தால், கணக்குப்படி 40 டிகிரியில் 65 லிட்டருக்கு மேல் கிடைக்கும். குளிக்கும்போதே டேங்க்குக்குள் பச்சைத் தண்ணீர் புகுந்து கலப்பதால் நடைமுறையில் கொஞ்சம் குறையும். தனியாகவோ இருவராகவோ இருப்பவர்களுக்கு நான் இன்ஸ்டன்ட்டையே சொல்வேன்.

மின்சாரம் பலர் பயப்படும் அளவுக்கு இழுப்பதில்லை. 25 லிட்டரை 28-லிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகவே ஆகும். உள்ளே சூடாக்கும் 3 கிலோவாட் மின்சுருள், அதாவது காயில், இருபது நிமிடத்தில் முடித்துவிடும். குளிப்பதற்கு முன் போட்டு, முடிந்ததும் அணைக்கிறோம். மிச்சம் பிடிக்க நினைத்துத் தெர்மோஸ்டாட்டை 40-க்கு இறக்கி வைப்பதை மட்டும் செய்யாதீர்கள். லீஜியோனெல்லா கிருமி பெருகுவது அந்த வெதுவெதுப்பில்தான், 60 டிகிரியில் அது சாகும். அதே 60 டிகிரி சில வினாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும் என்பதால், வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகே சுடுதண்ணீர் என்பது எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கும் தெரிந்த விதி.

அடுத்தது வால்வு. மாட்டிய புதிதில் அம்மா கூப்பிட்டார்: “தம்பி, டேங்க் ஒழுகுது, வந்து பாரு.” ஹீட்டருக்குக் கீழே இருக்கும் பிரஷர் ரிலீஃப் வால்விலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. பார்க்க வந்த கான்ட்ராக்டர் ஒரு மூடி போட்டு அடைத்துவிடலாம் என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றுவரை அதை நினைத்தால் கோபம் வருகிறது. தண்ணீர் 28-லிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறக்குறைய 1.3 சதவீதம் விரிகிறது. 25 லிட்டருக்கு அது மூன்றில் ஒரு லிட்டர், ஒரு டம்ளருக்கும் அதிகம். உள்ளே வரும் பாதையில் திரும்பிப் போகவிடாத வால்வு இருக்கிறது, குழாய்களும் மூடியிருக்கின்றன. தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. விரிந்த தண்ணீர் வெளியேற இருக்கும் ஒரே வழி அந்தச் சொட்டு. அதை அடைத்துவிட்டு, தெர்மோஸ்டாட்டும் பழுதாகி நின்றால் டேங்க் வெடிக்கும்.

சூடேறும்போது மட்டும் சொட்டினால் வால்வு வேலை செய்கிறது என்று பொருள். ஹீட்டரை அணைத்துப் பல மணி நேரமாகியும் சொட்டினால் வால்வு தேய்ந்திருக்கலாம், அல்லது வரும் தண்ணீரின் அழுத்தம் அதிகமாக இருக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதன் நெம்புகோலைத் தூக்கிவிட்டு, தண்ணீர் பீய்ச்சி வந்து நிற்கிறதா என்று பார்க்கிறேன். வெளியேறும் தண்ணீரை ஒரு குழாய் போட்டுத் தரையில் இருக்கும் வடிகால் துளையில் (ஃப்ளோர் டிராப்) விட்டிருக்கிறோம். அந்தக் குழாயின் முனை எப்போதும் திறந்தே இருக்க வேண்டும்.

இனி கம்பி. எங்கள் டேங்க் எஃகு, உள்ளே எனாமல் பூச்சு. எவ்வளவு நல்ல பூச்சானாலும் வெல்டிங் ஓரங்களில் ஊசிமுனை அளவு இடைவெளிகள் இருக்கும். அங்கே சுடுதண்ணீர் எஃகைத் தொட்டால் துரு பிடிக்கும். மெக்னீசியம் எஃகைவிட எளிதாக அரிக்கப்படும் உலோகம். இரண்டும் ஒரே தண்ணீரில் மின்தொடர்போடு இருந்தால் மெக்னீசியம் தன்னைக் கொடுத்து எஃகைக் காப்பாற்றும். கம்பி தீர்ந்ததும் அரிப்பு டேங்க்கின் பக்கம் திரும்பும்.

மூன்றாவது வருடத்தில் உரிமம் பெற்ற பிளம்பரை வரச்சொல்லி அதைக் கழற்றினோம். விரல் பருமனில் போன கம்பி பென்சிலைவிட மெலிந்து வந்தது. மேலெல்லாம் சாம்பல் வெள்ளையில் மாவு படிந்து, குண்டும் குழியுமாக, இரண்டு இடத்தில் நடுவே ஓடும் இரும்புக் கம்பியே வெளியே தெரிந்தது. அவருடன் வந்த புதுக்கோட்டைப் பையன் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “அண்ணே, இத மாத்தச் சொல்லி யாரும் கூப்பிடறதே இல்லண்ணே. ஒழுகுனா புது டேங்க் வாங்கிடுவாங்க,” என்றான். அப்போதிருந்து இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கம்பி, கூடவே ரப்பர் வாஷர். டேங்க் இன்னும் நிற்பதற்குக் காரணம் இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

சென்னையில் அக்கா வீட்டு கீசரில் கதையே வேறு. போர் தண்ணீர் உப்பு காயிலைச் சுற்றிச் சுண்ணாம்புப் பாறையாக இறுகி, சூடேற ஆகும் நேரம் வருடத்துக்கு வருடம் கூடியது. இங்கே டேங்க்கை வடித்தபோது அடியில் கொஞ்சம் பழுப்பு வண்டல் வந்ததே தவிர, சொல்லும்படி சுண்ணாம்பு இல்லை. ஊரிலிருந்து வந்தவர்கள் அந்தப் பழக்கத்தில் உப்பு நீக்கும் மருந்தைத் தேடுகிறார்கள். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீருக்கு அந்தக் காசைக் கம்பியில் போடுவது நல்லது.

இடையில் காயில் ஒருமுறை போனது. ஹீட்டரைப் போட்டதும், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சான ஆர்சிசிபி விழுந்தது. காயில் உறை விரிசல் விட்டு மின்சாரம் தண்ணீரில் கசிந்திருக்கிறது. 2025 ஜூலை 1-க்குள் எல்லா வீடுகளிலும் ஆர்சிசிபி பொருத்த வேண்டும் என்று எரிசக்திச் சந்தை ஆணையம் விதித்ததன் அருமை அன்றைக்குப் புரிந்தது. ஹீட்டரால் அது விழுந்தால் திரும்பத் திரும்பத் தூக்கிவிடாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

குறை என்றால் தூரம். இரண்டாவது குளியலறைக்கு ஆறு மீட்டர் போல 15 மில்லிமீட்டர் செம்புக் குழாய் போகிறது. அதில் நிற்கும் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவான ஆறின தண்ணீர் வெளியேறிய பிறகே சூடு வரும். அதைப் பிடித்து வீடு துடைக்கிறோம். ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்தால் சுடுதண்ணீரில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். தேங்கிய தண்ணீரில் பாக்டீரியாவும் மெக்னீசியமும் சேர்ந்து உண்டாக்கும் வாயு அது. டேங்க்கை முழுச் சூட்டுக்கு ஏற்றி, சன்னலைத் திறந்து வைத்து, குழாய்களில் ஓடவிட்டால் போய்விடுகிறது.

அடுத்த டேங்க் வாங்கும்போது ஒன்றை மட்டும் கடையிலேயே கேட்பேன்: டேங்க்கை இறக்காமல் கம்பியைக் கழற்ற முடியுமா? எங்களுடையது ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இருக்கிறது. கம்பி கழலும் பக்கத்தில் கதவு விடாமல் மூடியிருந்ததால் முதல் தடவை பலகையை அறுக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு இப்போது மரவேலை நடக்கிறது என்றால், ஆள் கை நுழையும் அளவுக்கு அந்தப் பக்கம் ஒரு கதவு விடச் சொல்லுங்கள்.