சோலார் போடப் போகிறீர்களா? என் 38,500 ரூபாய் போன கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள்

நேற்று மத்தியானம்தான் உண்மை தெரிந்தது. கோபம் இன்னும் அடங்கவில்லை, முன்னே பின்னே எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். 38,500 ரூபாய். ஒரு வெட்டுத் தேங்காய்க் காசு அப்படியே போயிற்று.

உடுமலைப்பேட்டை பக்கம் எங்கள் தோப்பில் ஒரு சாளை (ஓலைக் குடிசை) இருக்கிறது. அப்பா ராத்திரி அங்கேதான் படுப்பார். தோப்பு மோட்டாருக்கான கரண்ட் சர்வீஸிலிருந்து ஒயர் இழுக்கலாம் என்றால், அது தப்பு என்று சொல்லி அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. சரி, சின்னதாக ஒரு சோலார் போட்டுவிடலாம் என்று நான்தான் கிளம்பினேன். ஒரு ஃபேன், இரண்டு பல்பு, ஒரு கேமரா, செல்போன் சார்ஜ். இவ்வளவுதான் தேவை.

டவுனில் இன்வெர்ட்டர் பேட்டரி விற்கிற கடை. பேர் சொல்லப்போவதில்லை, புகார் கொடுத்திருக்கிறேன். கடைக்காரர் தோப்புக்கே வந்து பார்த்தார். நிழல் எந்தப் பக்கம் விழும் என்று நின்று கவனித்தார், எந்த மரத்து மட்டை பேனல்மேல் விழும் என்றுகூடச் சொன்னார். அட்வான்ஸ் எவ்வளவு தரட்டும் என்று கேட்டேன். “காசு எங்கீங்க்கா போயிரப்போகுது, மொதல்ல லைட் எரியட்டும்” என்றார். அங்கேதான் விழுந்தேன். அட்வான்ஸே வேண்டாம் என்கிறவரை எப்படிச் சந்தேகப்படுவது?

335 வாட் பேனல் ஒன்று, 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பேட்டரி ஒன்று, பேனல் கரண்ட்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தருகிற எம்.பி.பி.டி. சார்ஜ் கன்ட்ரோலர், இன்வெர்ட்டர், ஸ்டாண்டு, ஒயரிங். எல்லாம் சேர்த்து 38,500. ஃபிட்டிங்குக்கு வந்த பையன் பேட்டரியைத் தனி ஆளாகத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்து வந்தான். “கெட்டிக்காரப் பையன்” என்று நான் மோர் கொடுத்தேன். அந்த அளவு டியூபுலர் பேட்டரியை ஆசிட்டோடு இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்குவார்கள் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. இப்போது அந்த மோர்தான் நெஞ்சில் நிற்கிறது.

சாயங்காலம் லைட் எரிந்தது, ஃபேன் சுற்றியது, அப்பா சிரித்தார். அந்த நிமிஷமே போனில் 38,500-ஐயும் அனுப்பிவிட்டேன். பில் கேட்டதற்கு, “பில் போட்டா டாக்ஸ் சேருங்க்கா” என்றார். எஸ்டிமேட் சீட்டே போதும் என்றேன். இது முழுக்க என் தப்பு.

முதல் ராத்திரி ஒரு மணிக்கு ஃபேன் நின்றது. ஒரு வாரத்தில் பதினொரு மணிக்கே இன்வெர்ட்டர் பீப் பீப். அப்பா எனக்குச் சொல்லாமல் துண்டால் விசிறிக்கொண்டு படுத்திருக்கிறார்.

கடைக்குப் போன் போட்டேன். “மேகமூட்டங்க்கா.” சித்திரை வெயிலில்! அடுத்த தடவை, “புது பேட்டரி செட்டாக நாள் பிடிக்கும்.” அதற்கடுத்து, “உங்க பழைய ஃபேன் ரொம்ப இழுக்குது.” இதில் பாதி உண்மை. 75 வாட் ஃபேன் ஒன்பது மணி நேரம் ஓடினால் 12 வோல்ட் பேட்டரியில் 56 ஆம்பியர்-ஹவர் போய்விடும், இன்வெர்ட்டர் தின்பது தனி. ஆனால் இந்த ஃபேனைப் பார்த்துவிட்டுத்தானே கணக்குப் போட்டுக் கொடுத்தார்? அப்புறம் “கம்பெனிக்குச் சொல்லியிருக்கேன்”. அப்புறம் வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும்.

நேற்று மோட்டார் ரீவைண்டிங் செய்கிற எங்கள் ஊர் அண்ணன் டி.சி. கரண்ட்டை ஒயரைப் பிரிக்காமலே அளக்கிற கிளாம்ப் மீட்டரோடு வந்தார். உச்சி வெயில். பேனல் ஒயரில் 8.6 ஆம்பியர். பேட்டரிக்குப் போகிற ஒயரில் 8.4. “இது எம்.பி.பி.டி. இல்ல சாமி” என்றார். இந்த பேனல் வேலை செய்வது 37 வோல்ட் வாக்கில். நிஜ எம்.பி.பி.டி. அந்த வோல்ட்டை இறக்கி ஆம்பியரை ஏற்றும், பேட்டரிப் பக்கம் இந்த வெயிலுக்கு 20 ஆம்பியராவது வரவேண்டும். சாதா வகையான பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் என்றால் பேனலையே பேட்டரி வோல்ட்டுக்கு இழுத்துவிடும், உள்ளே வருகிற ஆம்பியர்தான் வெளியேயும். 335 வாட்டுக்குக் காசு கொடுத்து நான் வாங்கியது சுமார் 110 வாட். கன்ட்ரோலரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருக்கவேண்டிய பெரிய செம்புச் சுருளே இல்லை. வெளியே ஸ்டிக்கரில் மட்டும் எம்.பி.பி.டி.

பேட்டரிக்கு, ஆசிட்டின் அடர்த்தி அளக்கிற ஹைட்ரோமீட்டர் வைத்தார். ஐந்து செல் 1.220 பக்கம் காட்டியது, ஒன்று மட்டும் 1.120-ல் கிடந்தது, அது வீணான செல். ஸ்டிக்கர் ஓரத்தை நகத்தால் சுரண்டினார், அடியில் இன்னொரு ஸ்டிக்கர். மேலே 150, சி10. அடியில் சி20. பத்து மணி நேரத்தில் சார்ஜை இறக்கி அளந்தது சி10, இருபது மணி நேரம் மெதுவாக இறக்கி அளந்தது சி20. அதே பேட்டரிக்கு சி20-ல் நம்பர் பெரிதாகத் தெரியும். வீட்டு இன்வெர்ட்டருக்கான பழைய பேட்டரியை எனக்குப் புது சோலார் பேட்டரியாக ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

சாயங்காலமே கடைக்குப் போனேன். சிரித்த முகம் மாறவில்லை. “வெளி ஆள வெச்சுப் பெட்டியப் பிரிச்சுட்டீங்களேக்கா, வாரண்டி போச்சே.” வாரண்டி கார்டை நீட்டினேன். சீரியல் நம்பர் கட்டம் காலி. “நாங்க வர்றத அப்படியே தர்றோம், கம்பெனியக் கேளுங்க.” எந்தக் கம்பெனி? பதில் இல்லை. கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள், அவர்களுக்கு டீ சொன்னார்.

எதைப் பார்த்து வாங்குவது, எப்படி ஒயரிங் செய்வது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது மனசில்லை. அவசரத்துக்கு இவை மட்டும். பில் இல்லாமல் ஒரு பைசா கொடுக்காதீர்கள், சீரியல் நம்பர் பில்லிலும் கார்டிலும் இருக்கட்டும். பேட்டரியில் சி10 என்று பார்த்தால் போதாது, கம்பெனி சொல்கிற எடையோடு தராசில் வைத்துப் பாருங்கள். பணம் கொடுக்கும் முன் நடுப்பகலில் கன்ட்ரோலருக்கு இரண்டு பக்கமும் ஆம்பியர் அளக்கச் சொல்லுங்கள். பேனல் லைனில் கரண்ட்டைத் தானாகத் துண்டிக்கிற சுவிட்சாக டி.சி. எம்.சி.பி.தான் வேண்டும்; எனக்கு வீட்டு ஏ.சி. எம்.சி.பி. போட்டிருந்தார்கள், டி.சி.யில் பொறி பிடித்தால் அது அணைக்காமல் போகலாம். பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸே இல்லை. ஓலைக் கூரைக்கு அடியில்!

நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிந்துவிட்டேன், எஸ்டிமேட் சீட்டையும் பணம் அனுப்பிய ரசீதையும் வைத்துக்கொண்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகிறேன்.

இன்று காலை அந்தக் கடைக்காரர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு போட்டோ. ஏதோ ஒரு புது வீட்டுச் சுவர், எனக்கு மாட்டிய அதே நீலக் கன்ட்ரோலர், பக்கத்தில் ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். உடுமலை, மடத்துக்குளம் பக்கம் யாராவது இந்த வாரம் நீலப் பெட்டி வைத்து சோலார் போட்டிருந்தால் இதை அவர்களிடம் காட்டுங்கள், இன்னும் பணம் கொடுக்காமல் இருக்கலாம்.