கரையும் நூலா, பிரிக்கும் நூலா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிளினிக்கில் பல வருடம், காயத்தைத் தைத்து மருந்து கட்டும் டிரஸ்ஸராக இருந்தேன். குலை வெட்டும் அரிவாள் பட்ட கையோடு வருபவர்கள் தையல் என்றதும் ஒன்றைத்தான் கேட்பார்கள்: "ஐயா, கரையுற நூலே போட்டுடுங்க. பிரிக்க வரணும்னா ஒரு நாள் சம்பளம் போயிடும்."

நியாயமான கவலைதான். ஆனாலும் தோலுக்கு நான் பெரும்பாலும் கரையாத, பிறகு பிரிக்க வேண்டிய நைலானைத்தான் எடுப்பேன்.

முன்பெல்லாம் கரையும் நூல் என்றால் கேட்கட். ஆடு மாடுகளின் குடலிலிருந்து எடுத்த கொலாஜன். பொட்டலத்தைக் கிழித்ததும் ஆல்கஹால் வாடை மூக்கில் ஏறும். அந்தப் பழுப்பு நூலை உடம்பின் நொதிகள்தான் தின்று தீர்க்கும். சீழ் பிடித்த புண்ணில் நொதிகள் கூடுதல், அதனால் நூல் நாளுக்கு முன்பே இற்றுவிடும். தைத்தவனுக்கு அது பெரிய பயம்.

1970களில் வந்த பாலிகிளாக்டின் 910 என்ற செயற்கைக் கரையும் நூல் வேறு ரகம். கிளைகோலைடு 90 பங்கு, லாக்டைடு 10 பங்கு சங்கிலியாகக் கோத்த பாலிமர். இதை உடைப்பது வெறும் தண்ணீர். உடம்பின் ஈரம் அந்தச் சங்கிலியை இணைக்கும் எஸ்டர் என்ற கண்ணிகளை அறுத்துக்கொண்டே போகும். மிஞ்சுகிற கிளைகோலிக் அமிலமும் லாக்டிக் அமிலமும் கடைசியில் கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் மாறிவிடும். உடம்புக்குள் ஈரத்துக்குப் பஞ்சமில்லை, அதனால் நாள் கணக்கு கேட்கட்டைப் போலத் தாறுமாறாகாது. காற்றின் ஈரம்கூட இந்த நூலைக் கெடுக்கும். அதனால்தான் அலுமினியத் தாளில் அடைத்து வருகிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் பிரித்த பொட்டலத்தின் மிச்சத்தை எடுத்து வைக்கவே கூடாது.

இன்னொன்று, நூல் கரைவது வேறு, பிடிப்பு விடுவது வேறு. பாலிகிளாக்டினுக்கு இரண்டு வாரத்தில் முக்கால் பங்கு பலம் இருக்கும், மூன்றாவது வாரத்தில் பாதி. முழுதாக மறைய 56 முதல் 70 நாள். ஐந்தாவது வாரம் தழும்பில் ஊதா நூல் முனை எட்டிப் பார்த்தால் பதறாதீர்கள், இழுக்கவும் இழுக்காதீர்கள், கிளினிக்கில் நறுக்கிவிடுவார்கள். மெதுவாக ஆறும் வயிற்றுச் சுவருக்கு மூன்று வாரம் போதாது. அங்கே பாலிடயாக்சனோன் என்ற இன்னொரு கரையும் நூல்தான் சரி. அது மறைய ஆறு மாதம் பிடிக்கும்.

அப்புறம் ஏன் தோலுக்கு நைலான்? பாலிகிளாக்டின் பின்னிய நூல், இழைகளுக்கு நடுவே கிருமி ஒண்டிக்கொள்ளும். தோட்டத்து வெட்டில் மண் இருக்கும், செத்தை இருக்கும். ஒற்றை இழையான நைலானில் கிருமிக்கு அந்த இடுக்கு கிடையாது. ஆழமான வெட்டென்றால் உள்ளே பாலிகிளாக்டின், மேலே நைலான். முகத்தில் ஐந்தாம் நாள், காலில் 10 முதல் 14 நாளுக்குள் பிரிக்க வேண்டும். முடிச்சைத் தூக்கி, அடியில் பிளேடு நுனியை விட்டால் ஒரு நொடி வேலை. அதற்காக ஒரு நாள் சம்பளம் போவதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. வேலை முடிந்து சாயங்காலம் வாருங்கள் என்று சொல்லி, விளக்கு வைத்த பிறகும் எத்தனையோ பேருக்குப் பிரித்திருக்கிறேன்.

சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் என் கணக்கு மாறும். சுத்தமான வெட்டில் தழும்பைப் பொறுத்தவரை இரண்டு நூலுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. பிளேடைப் பார்த்துக் கதறும் பிள்ளையை நாலு பேர் அமுக்கிப் பிடிப்பதைவிட, பாலிகிளாக்டினிலேயே சீக்கிரம் கரையும் தனி ரகம் எவ்வளவோ மேல். 10 முதல் 14 நாளில் அதன் பலம் தீர்ந்துவிடும், குளிக்க வைக்கும்போது முடிச்சு தானாகக் கையோடு வந்துவிடும்.