48 இறங்கி 19 ஆன கதை

ஊரில் ஸ்கேன் எடுக்கும் வேகத்தைப் புகழ்ந்து எழுதத்தான் நினைத்திருந்தேன். காலையில் டோக்கன், மதியத்துக்குள் ஸ்கேன், சாயங்காலம் ரத்தப் பரிசோதனை முடிவும் கையில். நான் இருக்கும் நாட்டில் இதற்குக் குடும்ப டாக்டரின் கடிதம் வேண்டும், அப்புறம் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தச் சந்தோஷம் டாக்டர் அறைக் கதவு வரைக்கும்தான்.

எனக்குக் கர்ப்பப்பையில் ஒரு நார்க்கட்டி, அதாவது ஃபைப்ராய்டு. புற்றுநோய் இல்லை. ஐம்பது வயதுக்குள் பெரும்பாலான பெண்களுக்கு வந்துவிடுவது, பலருக்கு இருப்பதே தெரியாது. மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமானதால் எனக்குத் தெரிந்தது.

வெளிநாட்டில் எடுத்த ரிப்போர்ட்டில் வைட்டமின் டி 48. ஊரில் 19. டாக்டர் இரண்டையும் வட்டமிட்டு, நடுவில் சிவப்பு மையில் கீழ்நோக்கி ஓர் அம்பு போட்டார். "பாத்தீங்களா, பாதிக்கு மேல இறங்கிடுச்சு. அதான் கட்டி வளந்திருக்கு" என்று சொல்லி ஆறு லட்சம் யூனிட் வைட்டமின் டி ஊசி எழுதினார்.

கட்டி வளரவே இல்லை. அங்கே 38 மில்லிமீட்டர், இங்கே 3.9 சென்டிமீட்டர், ஸ்கேன் பார்ப்பவர் மாறினாலே வரக்கூடிய வித்தியாசம். டி-யும் இறங்கவில்லை. அந்த நாட்டு லேப் லிட்டருக்கு இத்தனை நானோமோல் என்று தருகிறது, ஊர் லேப் மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று தருகிறது. முதல் கணக்கை இரண்டாவதாக மாற்ற 2.5-ஆல் வகுக்க வேண்டும். 48-ஐ வகுத்தால் 19.2. அவ்வளவுதான் விஷயம்! எந்த யூனிட் என்பது எண்ணுக்குப் பக்கத்திலேயே சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கிறது.

"யூனிட் வேற டாக்டர்" என்றேன். "நெட்ல படிச்சுட்டு வந்துடறீங்க" என்றார், மணியை அடித்தார். அடுத்த பெயரைக் கூப்பிட்டாகிவிட்டது. கூட வந்த அக்கா, "டாக்டர்கிட்ட போய் வாதாடுறியே" என்று என்னையே திட்டினாள். அங்கேயென்றால் டாக்டர் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பியிருப்பார். அவரைப் பார்க்க முடிந்தால்.

டி-க்கும் ஃபைப்ராய்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. வாஷிங்டனில் 35 முதல் 49 வயது வரையுள்ள ஆயிரத்துச் சொச்சம் பெண்களைப் பரிசோதித்து 2013-இல் வந்த ஆய்வில், டி போதுமான அளவு, அதாவது 20 நானோகிராமுக்கு மேல் இருந்தவர்களுக்குக் கட்டி இருக்கும் வாய்ப்பு 32 சதவீதம் குறைவாகத் தெரிந்தது. எலிகளுக்கு டி-யின் செயல்படும் வடிவத்தைக் கொடுத்தபோது கட்டி சுருங்கியும் இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்களின் டி-யையும் கட்டியையும் ஒரே சமயத்தில் பார்த்த கணக்கு அது. டி குறைந்ததால் கட்டி வந்ததா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அம்பு போட்டுக் காட்டுமளவுக்கு நேரான கதை இல்லை.

19 என்பதும் குறைவுதான், சரிசெய்ய வேண்டியதுதான். அதற்கு ஒரே ஊசியில் ஆறு லட்சமா? வருடத்துக்கு ஒருமுறை ஐந்து லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்த ஆய்வில், வயதான பெண்கள் கீழே விழுவதும் எலும்பு முறிவதும் கூடத்தான் செய்தன.

ஊசி போட்டுக்கொள்ளவில்லை. வேறொரு டாக்டர் அம்மா, ரிப்போர்ட்டில் முதலில் ஹீமோகுளோபினைத்தான் பார்த்தார். இரும்புச்சத்து மாத்திரை, எட்டு வாரத்துக்கு வாரம் ஒரு 60,000 யூனிட் டி, கட்டியை இப்போதைக்குக் கவனித்தால் போதும் என்றார். "டி எலும்புக்குன்னு நெனச்சு சாப்பிடுங்க, கட்டி கரையும்னு சாப்பிடாதீங்க."

திரும்பும் முன் லேப்புக்குப் போய், இரண்டு யூனிட்டிலும் ரிப்போர்ட் தர முடியுமா என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண், கம்ப்யூட்டரில் அதற்கு வழியில்லை என்றாள். உள்ளே போய் லேப் டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்தாள். 19-க்குப் பக்கத்தில் பேனாவால் 'லிட்டருக்கு 47.5 நானோமோல்' என்று எழுதி, அவர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கித் தந்தாள். வெளிநாட்டில் எந்த லேப்பிலும் ரிப்போர்ட்டின் மேல் பேனா வைக்க ஒருவரும் துணிய மாட்டார்கள். மின்னஞ்சல் அனுப்பச் சொல்லியிருப்பார்கள்.