நின்டெடானிப்பா, பிர்ஃபெனிடோனா?

காரணம் தெரியாமல் நுரையீரலில் தழும்பேறும் ஐபிஎஃப் நோய்க்கு, 2014 அக்டோபரில் ஒரே நாளில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்துகள் இவை. இரண்டும் தழும்பேறும் வேகத்தைக் குறைக்கும், விழுந்த தழும்பை ஆற்றாது. அதனால் யாருடைய உடம்புக்கு எது ஒத்துக்கொள்ளும் என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

வெயிலில் வேலை செய்பவருக்கு பிர்ஃபெனிடோன் சிரமம். தோல் சிவந்து தடிக்கும். குமட்டலும் உண்டு, தினமும் 3 வேளை சாப்பாட்டோடு எடுக்கவேண்டும். புகைபிடித்தால் ரத்தத்தில் மருந்தின் அளவே குறைந்துவிடும்; தயவுசெய்து மருத்துவரிடம் இதை மறைக்காதீர்கள்.

நின்டெடானிப் 2 வேளைதான். ஆனால் வயிற்றுப்போக்கு பலரைப் படுத்தும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு ரத்தக்கசிவு அபாயமும் கூடும். தோல் இறுகித் தடிக்கும் ஸ்கிளிரோடெர்மா நோயால் நுரையீரல் பாதித்தவர்களுக்கு, இவை இரண்டில் இதற்குத்தான் 2019-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

கல்லீரல் பரிசோதனை இரண்டுக்கும் கட்டாயம்.